எண்ணிக்கை

தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு
எண்ணெய்க் கறைமேல் மேசை போட்டோம்.
பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு பேர்.
வந்தவர்கள் அறுபத்தொன்று.
சோள அறுவடை, முதல் பனி, சலிப்பு.
வராதவர்கள்தான் இங்கே பெரிய கட்சி;
வரைபடத்தில் அவர்களுக்கு நிறமில்லை.

எங்கள் கவுண்டி முழுச் சிவப்பு.
ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு நீல ஓட்டு.
அது ஹெல்மருடையது என்று
அவருடைய நாய்க்குக்கூடத் தெரியும்.
மார்ச்சில் அவரைப் புதைத்தோம்,
சிவப்புக்காரர்கள் ஆறு பேர் தோள் கொடுத்து.

இன்று மார்லிஸ் உரக்கப் படிக்கிறாள்:
ஐம்பத்தொன்பது.
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு,
இரண்டு.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
காபி இயந்திரம் மட்டும் முணுமுணுத்தது.
எண்ணை எழுதினேன், பேனாவை மூடினேன்.
கை நடுங்கவில்லை.

ஆனால்
இன்னொன்று யாருடையது?