நாற்பது டிங்

மழை பெய்தால்தான் ஒர்தென்சியாவுக்கு வியாபாரம்.
தால்காவானோ துறைமுகத்தில்
மழைக்கும் சோபைபியாவுக்கும் ஏதோ ஒப்பந்தம்.
பூசணி பிசைந்த மாவு
வட்டம் வட்டமாய் இறங்கிப் பொன்னாகி எழும்.
எண்ணெய் மட்டும் நாளுக்கு நாள் கறுக்கும்.

சாக்கடைக்குப் போகவிருந்ததை மறித்தேன்.
"குடிக்கவா?" என்றாள்.
"படகுக்கு."
வாளியின் பிடியைத் துடைத்துத் தந்தாள்.

தம்பி எலியாசரின் படகு
இரண்டு மாதமாய்க் கட்டிக் கிடக்கிறது.
டீசல் கடன். கடன் என் பேரில்.
எங்களுக்குள் பேச்சு நின்று ஒன்பது வாரம்.

பாலிடெக்னிக் ஆய்வகத்தில்
யாரோ பூனைப்படம் ஒட்டிவிட்டுப்போன மைக்ரோவேவ்.
நிபால்தோ அதன் தலையில் துளையிட்டு
செம்புக் கழுத்து மாட்டி
கண்ணாடிக் குழாய் ஏற்றியிருந்தான்.
மெத்தனால் எரிந்தால் சுடர் தெரியாது,
சுட்டால்தான் தெரியும் என்று
சுவரில் சிவப்பாய் எழுதியும் வைத்திருந்தான்,
இரண்டு எழுத்துப்பிழைகளோடு.

முதல் தடவை
ஐந்து நிமிடம். ஒரு டிங்.
வெண்ணெய் திரளும்போது தாழி உடையும் என்பார்கள்.
எங்கள் தாழி உடையவில்லை.
திரண்டதுதான் வெண்ணெய் இல்லை,
சோப்பு.
ஒர்தென்சியாவின் கூரை ஒழுகும்;
எண்ணெயில் மழை இருந்திருக்கிறது.
அந்த வாரம் குடுவைகளை
அதைக் கொண்டே கழுவினோம்.

மறு தடவை துணியில் வடிகட்டினோம்.
தங்கியவை: கருகிய மாவு, ஒரு தீக்குச்சி,
ஒரு காதணித் திருகு.
பிறகு காய்ச்சினோம்,
சடசடப்பு ஓய்ந்து எண்ணெய் வாய்மூடும்வரை.
ஆறவிட்டு, காரம் கரைத்த மெத்தனால் ஊற்றி,
பெட்டிக்குள்.

அடியில் நெருப்பில்லை. பக்கத்திலும் இல்லை.
பெயர் சொல்லி யாரோ கூப்பிட்ட கூட்டம்போல
உள்ளேயே எல்லாம் தலை திருப்பின,
நொடிக்கு இருநூற்று நாற்பத்தைந்து கோடி முறை,
கூப்பிட்டது யாரென்று தெரியாமலே.
சூடு என்பது அவ்வளவுதானாம்.

டிங்.

விடியலில் இரண்டாய்ப் பிரிந்திருந்தது.
கீழே வெல்லப்பாகு நிறத்தில் கிளிசரின்.
மேலே, பால் விடாத தேநீராய்,
டீசல்.
ஒரு தடவைக்கு ஒரு லிட்டர்.
இப்படி நாற்பது டிங்.
பூனைக்கு ஒரு காது உரிந்துவிட்டது.

கேன்களைப் படகில் ஏற்றும்போதும்
எலியாசர் பேசவில்லை.
முகர்ந்து பார்த்தான். ஊற்றினான்.
இன்ஜின் இருமியது, தொண்டை செருமியது,
பிடித்துக்கொண்டது.

புகையில் பொரித்த வாசனை.
வலையே போடாத படகின் பின்னால்
துறைமுகத்துக் கடற்காகங்கள் அத்தனையும்
கத்திக்கொண்டு வந்தன.

அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும்
என் பக்கம் திரும்பாமல் சொன்னான்:
"பசிக்கிறது."

கோட்டுப் பையில் கைவிட்டேன்.
ஒன்றுமில்லை,
ஒரு காதணித் திருகு தவிர.