பொருள் எண் நான்கு

பிப்ரவரி பத்து. காலை பதினொன்று.
கோட்டாட்சியர் அலுவலகம், மன்னார்குடி.
கண்காணிப்புக் குழுக் கூட்டம். குறிப்பெடுப்பது நான்.
டி.எஸ்.பி., ஆதிதிராவிடர் நலத் தாசில்தார்,
அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ரஹ்மத்,
சட்ட உதவி வக்கீல் செங்கமலம்.
வந்தவர் பெயரெல்லாம் அடித்தாயிற்று.

பொருள் எண் நான்கு: கீழப்பனங்குடி.
அக்கா கல்யாண ஃப்ளெக்ஸில்
கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரித்திருந்தான் கலைமணி.
முதல் ராத்திரி பேனரைக் கிழித்தார்கள்.
மறு ராத்திரி அவன் மணிக்கட்டை.

"எங்க ரிஜிஸ்தர்ல வழுக்கி விழுந்ததா இருக்கு.
அது அரிவாள் காயம். திருத்திக் கையெழுத்துப் போட்டேன்,"
என்றார் டாக்டர், யாரையும் பாராமல்.
சாதிச் சான்று வரவில்லை, பிரிவு சேர்க்கவில்லை: போலீஸ்.
பிரிவு சேர்க்கவில்லை, நிவாரணம் போடவில்லை: நலத்துறை.
சான்று கேட்டு எங்களுக்குத் தாளே வரவில்லை: தாலுகா ஆபீஸ்.
முறைத் தண்ணீர்ச் சண்டையில்
ஒவ்வொரு மதகிலும் ஒருவர் நின்று
மேல்மதகைக் கைகாட்டுவது போல.
கடைமடை காய்ந்தது பதினேழு நாள்.

கோட்டாட்சியர் பேனாவை மூடினார்.
"முடியுற வரைக்கும் யாரும் எழுந்திரிக்க வேணாம்."
சான்று பக்கத்து அறையில் அச்சாகி
சூடு ஆறாமல் வந்தது.
பிரிவை அங்கேயே சேர்த்து எழுதினார்கள்.
பிரதி வாங்கிய செங்கமலம்
இரண்டு முறை படித்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தார்.

பிறகு கலைமணியின் அம்மாவைக் கூப்பிட்டார்கள்.
தையல்நாயகி உட்காரவில்லை.
"பணம் வர்றப்ப வரட்டும் சார்," என்று
முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.
"கொள்முதல் நிலையத்துல எம் மூட்டைய மட்டும்
தராசுல ஏத்த மாட்டேங்குறாங்க.
கேஸ வாபஸ் வாங்கு, எடை போடுறோங்குறாங்க.
மழை விழுந்து சாக்குக்குள்ளயே முளைச்சிட்டு."
கோப்பின் மேல் ஒரு கை நெல்.
ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளையாய் ஒரு பல்.

நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு
இந்த மேசையில் நாற்காலியே போடவில்லை.
அப்போதுதான் எல்லோரும் எண்ணிப் பார்த்தோம்.

இரண்டு மணிக்கு ஜீப்பில் நோட்டோடு நானும்.
சுமை தூக்குகிறவர்கள் பீடியை அணைக்கவில்லை.
அதனால் வருவாய் ஆய்வாளர் ஒரு முனை,
வக்கீலம்மா ஒரு முனை,
ஒரு சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு.
பதினோரு மூட்டை ஏறியது.
முளைத்த நாலுக்கு விதியில் இடமில்லை.
அதையும் எழுதினேன்.

கூட்டத்தில் ஒரு குரல்:
"ஏ, நம்ம ராஜகோபாலு மவ இல்ல அது?"

நான்தான்.
எதிரி எண் மூன்று என் பெரியப்பா மகன்.
ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது எங்கள் தெரு முக்கில்.
காலையில் அந்தப் பெயரை அடிக்கும்போது
தகப்பன் பெயர், கதவு எண் எதையும்
கோப்பைப் பார்த்து அடிக்க வேண்டியிருக்கவில்லை.

ராத்திரி வீட்டில் அம்மா,
"பெரியப்பா வந்துட்டுப் போனாரு.
பேப்பர் உன் கை வழியாத்தானே போவும்னு கேட்டாரு."

"போயிடுச்சும்மா. ஒரு பிழையில்லாம."

அம்மா சோறு போடவில்லை.
தட்டை எடுத்து நானே போட்டுக்கொண்டேன்.