மூவாயிரத்துக்குக் கீழே

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்துநாலு.
பூட்ஸுக்கடியில் பனி நறநறக்கிறது.
அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுத்துச்
சூடாக்கித் தருகிறார்கள் எங்களுக்கு,
ஈரம் ஒரு பொட்டும் இல்லாமல்.
இங்கே மின்னூட்டம் கசிய வழியில்லை.
ஏறினால் ஏறினபடி உட்கார்ந்திருக்கும்,
காலி பண்ணாத குடித்தனக்காரன் மாதிரி.

இரவு ஷிப்ட். மணிக்கட்டில் பட்டை.
சுருள் கம்பி ஒன்று என்னை மேசையோடும்
மேசையைத் தரையோடும் கட்டுகிறது.
மாட்டைக் கட்டுவதுபோல என்று
முதல் வாரம் சிரித்தேன்.
மரிவிக் சிரிக்கவில்லை.
என்னைவிட ஆறு வயது சின்னவள்,
பலகைகளைச் சோதிப்பவள்.
உனக்குச் சுருக்கென்று பட
மூவாயிரம் வோல்ட் வேண்டும், என்றாள்.
இந்தச் சில்லு சாக நூறு போதும்.
நடுவில் இருப்பதெல்லாம்
நீ கொடுத்தது உனக்கே தெரியாத அடி.

பள்ளியில் படித்தது இத்தனைதான்:
ஓரினம் விலக்கும், வேறினம் ஈர்க்கும்,
தூரம் இரட்டித்தால் விசை காலாகும்.
பரீட்சைத்தாளில் அம்புக்குறி போட்டு
நேரில் தொடங்கி எதிரில் முடித்தேன் புலக்கோடுகளை.
இடையில் இருப்பது வெற்றிடம் என்று நினைத்தேன்.
இங்கே கம்பளிச் சட்டைக் கையைப்
பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே
மரிவிக் கத்துகிறாள்.
உரச வேண்டியதில்லையாம்.

செத்தது உடனே தெரிந்தால் நல்லது.
அரைகுறையாய்ப் பட்டதுதான் மோசம்.
சோதனையில் தேறும், பெட்டியில் ஏறும்,
ஆறு மாதம் ஓடிவிட்டு
ஒரு செவ்வாய்க்கிழமை சும்மா நிற்கும்.
ரெஜைனாவிலிருந்து திரும்பி வந்தது ஒன்று.
மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தேன்:
பொடிப் பள்ளம், ஓரம் கருகி.
வரிசை எண்ணில் என் ஷிப்ட்.

விடியுமுன் வீடு.
படுக்கையறைக் குமிழுக்கு
விரலுக்குமுன் சாவியை நீட்டுகிறேன்.
நீலமாய் ஒரு பொறி. வலியில்லை.
அப்புறமும் கட்டில்வரை நாலடிக் கம்பளம்.

ஜெயசீலன் தூங்கவில்லை.
சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.
போன ஆகஸ்டில் அவன் வேலை போன அன்று
விளையாட்டாக என்னவோ சொன்னேன்.
என்ன சொன்னேன் என்பதுகூட ஞாபகமில்லை.
சிரித்தான்.
தேறிவிட்டது என்று நினைத்தேன்.

கையைக் கொண்டுபோகிறேன்.
இரண்டு விரற்கடைத் தூரத்திலேயே
அவன் முழங்கை ரோமங்கள் எழுந்து நிற்கின்றன.
இன்னும் தொடவில்லை.