எங்கடன்னா

புடவைக்கடை விண்ணப்பத்தில்
தகப்பன் பெயர் கேட்டிருந்தது.
எங்கடன்னா என்று எழுதினேன்.
முதலாளி கண்ணாடியை ஏற்றிப் படித்தார்:
"எங்கட அண்ணா?
ஆர்ர அண்ணா, பிள்ள?"
அவர் சிரித்தார், காசாளர் சிரித்தார்,
நானும் சிரித்தேன்.
அந்தச் சிரிப்புக்குத்தான் வேலை கிடைத்ததென்று
இப்போதும் நினைக்கிறேன்.

விலாச வரியில் அளிக்கம்பை இல்லை,
கல்லடி போடிங்கின் இலக்கம்.
எவடம் என்று கேட்டால் அக்கரைப்பற்று.
அக்கரைப்பற்றில் எவடம் என்று கேட்டால்
நல்லவேளை, யாராவது சேலை பார்க்க
வந்துவிடுவார்கள்.

பொம்மைகளுக்கு உடுத்திவிடுவது என் வேலை.
கொசுவம் பிசகினால் சுபாஜினி கத்துவாள்:
"குறத்தி மாதிரிக் கட்டாத கா!"
வாயில் கடித்திருக்கும் ஊசியை எடுத்து
மடிப்பைத் திருத்துவேன்.
ஊசி வாயிலிருப்பது எவ்வளவு வசதி.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு சேர்
என் புத்தகப் பையை வெளியே வைக்கச் சொன்னார்.
பாம்பு கிடக்குமாம்.
வகுப்பு முழுக்க வாங்கின்மேல் கால் தூக்கிற்று.
அப்பாவுக்குப் பாம்பென்றால் பயம்.
சாகாமத்து வயலில் சாரையைக் கண்டு
மண்வெட்டியைப் போட்டுவிட்டு
மூன்று வரம்பு தாண்டி ஓடியவர்.
அதைச் சொல்லத்தான் கையுயர்த்தினேன்.
சேர் வேறு பிள்ளையைக் கேட்டார்.

போன சனிக்கிழமை,
நத்தார்ச் சனம் முட்டி மோதிய நேரம்,
ஒருத்தி வந்தாள், இடுப்பில் பையன்.
வாசற்காவலாளி கதவை விட்டுவிட்டு
அவள் பின்னாலேயே நடந்தான்.
அவள் தொட்ட சட்டைகளையெல்லாம் சுபாஜினி
இரண்டு விரலால் எடுத்து
மறுபடி மடித்தாள்.

பையன் சிணுங்கினான்: "அம்மா, நீள்ளு."

அந்தக் கடையில் பதினேழு பேர் நின்றோம்.
பதினாறு பேருக்கு அது வெறும் சத்தம்.
நீர் என்று நீங்கள்
பாடப் புத்தகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறீர்களே,
அதற்குத் தூரத்துச் சொந்தக்காரி இந்தச் சொல்.
எங்கள் வீட்டில் அன்றாடம் புழங்குகிறாள்.

"கொஞ்சம் தண்ணி தாங்க தங்கச்சி,"
அவள் தமிழில்தான் கேட்டாள்.
"முடிஞ்சு," என்றாள் சுபாஜினி.
என் முதுகுக்குப் பின்னால் தண்ணீர்ப் போத்தல்
குளுக் என்று ஒரு குமிழி விட்டது.
பையன் போத்தலைப் பார்த்தான்.
அவள் என்னைப் பார்த்தாள்.
மணிக்கூட்டுப் பட்டி நகர்ந்து
மணிக்கட்டில் பச்சை குத்திய மூன்று புள்ளி
வெளியே தெரிந்துகொண்டிருந்தது.
பட்டியை இழுத்துவிட்டேன்.
ஒரு சேலையை உதறி
எங்களுக்கு நடுவே விரித்தேன்.
மயில்நீலம், விலை நாலாயிரத்து எழுநூறு,
இப்போதும் ஞாபகம்.

நூறு ரூபாய்த் தாள்களாக எண்ணிக் கொடுத்து
சிவப்புச் சட்டையொன்று வாங்கினாள்.
காசாளர் ஒவ்வொரு தாளையும்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
போகும்போது என் பக்கம் திரும்பாமல்,
மற்றவர்களுக்கு இருமல்போலக் கேட்கும் குரலில்
எங்கள் பாஷையில் சொன்னாள்:
நல்லா இரு.

அது வாழ்த்தா என்று
ஒரு கிழமையாக யோசிக்கிறேன்.
காட்டிக்கொடுக்க அவளுக்கு
ஒரேயொரு சொல் போதும்.
அந்தச் சொல்லையும் என்னிடமே
விட்டுவிட்டுப் போனாள்.

அன்று மாலை கடைப் படம் எடுத்தார்கள்.
"எங்கட பிள்ளைகள்," என்று
முதலாளி யாருக்கோ அனுப்பினார்.
நடுவில் நிற்கிறேன்,
பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

பஸ் பாலத்தில் ஏறும்போது ஃபோன் அடித்தது.
பக்கத்தில் சுபாஜினி, கடலை கொறித்தபடி.
திரையில் நானே பதிந்துவைத்த பெயர்:
எங்கட அண்ணா.
"அண்ணனா கா? எடுவன்."
"ஓம், பிறகு எடுக்கிறன்."

மூன்று தரம் அடித்தது.
அதற்குமேல் அடிக்கமாட்டார்.
மகள் கடையில் நிற்பாள்,
முதலாளி ஏசுவார் என்று
அவருக்கு ஒரு எண்ணம்.