பன்னிரண்டு ஐம்பத்து நான்கு

டிசம்பர் இருபத்தொன்று.
சொலிட்டேருக்கு வடக்கே சரளைச் சாலை.
வண்டிகள் போட்டுப்போன அலைவரிகளைச்
சீவிச் சீவி மட்டமாக்குவது என் வேலை.
திங்களன்று சீவினால் வெள்ளிக்குள் மறுபடியும் அலை.
முடியாத ஒன்றை
ஒழுங்காகச் செய்வதற்கு
நமீபிய அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது.

சாலையோரம் அந்தப் போர்டு: மகர ரேகை.
ஊர்சுற்றிகள் ஒட்டிய ஸ்டிக்கர்களில்
பாதி எழுத்து மூழ்கிவிட்டது.
சற்றுமுன்கூட ஒரு குடும்பம்.
அப்பா ஒரு காலை இந்தப்புறமும்
மறுகாலை அந்தப்புறமும் வைத்துப்
போட்டோவுக்கு நின்றார்.
பையன் மட்டும் குனிந்து
நான் அப்போதுதான் சீவிய தரையில் கோட்டைத் தேடினான்.
"அழித்துவிட்டீர்களா?"
ஆமாம் என்றேன். டீசல் புகையில்
வேறென்ன விளக்கம் சொல்ல.

கோடு அங்கே இல்லை என்பது வேறு கதை.
பூமி தன் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துகிறதாம்.
வருடத்துக்குப் பதினாலு, பதினைந்து மீட்டர்
கோடு வடக்கே ஊர்கிறது.
"போர்டு நட்ட நாளிலிருந்து பார்த்தால்
அதோ, அந்த ஒற்றை முள்மரம்வரை போயிருக்கும்"
என்றார் அளவைக்காரர் ஊய்செப்,
கருவியை மடக்கிக்கொண்டே.
போர்டை நகர்த்த யாருக்கும் உத்தரவில்லை.
கோட்டை நிறுத்தவும்தான்.

கடிகாரம் பன்னிரண்டு அடித்தால்
சூரியனுக்கென்ன?
இங்கே அது உச்சிக்கு வர
இன்னும் ஐம்பத்து நான்கு நிமிடம்.
என்ஜினை அணைத்தேன்.
காது வெகுநேரம் அதை நம்பவில்லை.
போர்டின் கம்பம் தன் நிழலை
அளவுநாடாவைப்போலச் சுருட்டிச் சுருட்டி
அடிக்குள் இழுத்துக்கொண்டது.
தூரத்தில் ஓர் ஓரிக்ஸ்
தன் வயிற்றளவு கறுப்பின்மேல் அசையாமல் நின்றது.
என்னுடையதை
என் பூட்ஸ் மிதித்து மறைத்தது.

கேபின் கூரைமேல் ஏறினால் சிக்னல் ஒரு கோடு கிடைக்கும்.
ஏறினேன். தகரம் முழங்காலைச் சுட்டது.

லுக்ரெத்சியாவோடு பேசி மூன்று வருடம்.
பம்ப் மோட்டாருக்கு வைத்திருந்த பணத்தில்
டிக்கெட் வாங்கிப் போனவள்.
ட்ரொம்சோவில் மீன் ஆலை.
வரைபடத்தில் விரலை வைத்து
நேர் மேலே இழுத்தால், ஆப்பிரிக்கா முடிந்து,
கடல் தாண்டி, ஆர்க்டிக் வட்டமும் தாண்டி
ஏறக்குறைய அவள்மேல்தான் போய் நிற்கும்.
எங்களுக்கு ஒரே நண்பகல்.
அதைப் பங்கு பிரித்ததில்தான் கோளாறு.

"இங்கே நிழல் இல்லை" என்று அனுப்பினேன்.
அவ்வளவுதான்.

தண்ணீர் குடித்தேன். அது தேநீர்ச் சூட்டில் இருந்தது.

"இங்கேயும்."

பிறகு நீளமாக ஒன்று:
"நவம்பர் கடைசியில் போனது, ஹென்ரினா.
ஜனவரி நடுவில் வரும் என்கிறார்கள்.
இப்போது மலைக்குப் பின்னால் ஒரு நீலம்,
அடுப்பின் கேஸ் சுவாலை மாதிரி.
அதுதான் எங்கள் உச்சிவெயில்.
தெருவிளக்கு போடுகிற நிழல் முனிசிபாலிட்டிக்குச் சொந்தம்.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை."

யாருமில்லாத வெளியில்
சத்தம்போட்டுச் சிரித்தேன்.
ஓரிக்ஸ் தலை திருப்பியது.

"என் தலைக்குமேல் முட்டிக்கொண்டு நிற்கிறது.
இதற்குத் தெற்கே அதற்கு வழியில்லை.
நாளையிலிருந்து உன் பக்கம்தான் வரும்.
மெதுவாக வரும்.
கதவைத் திறந்து வை."

பம்பைப் பற்றி
இருவரும் எழுதவில்லை.

இறங்கும்போது
கம்பத்தின் கிழக்கே
நகம் அளவு கறுப்பு முளைத்திருந்தது.

பிளேடை இறக்கி வடக்கே ஓட்டினேன்.
முள்மரத்தின் அருகே மட்டும்,
ஏனென்று மேற்பார்வையாளர் கேட்டால் சொல்லத் தெரியாது,
ஒரு கணம் தூக்கிப் பிடித்தேன்.
சாலைக்குக் குறுக்கே ஓரடி அகலத்துக்கு
அலைவரி அப்படியே கிடக்கிறது.
போகிறவர்கள்
ஒருமுறை குலுங்கட்டும்.