சாரம்

தம்பெரேயில் ஜனவரி. மூன்று மணிக்கே இருட்டு.
இர்யா நுண்ணோக்கியில் குனிந்திருக்கிறாள்:
பதினான்காம் எண் ஆட்டின் முழங்கால் எலும்பு,
வெங்காயச் சருகை விட மெல்லிய சீவல்.

போன குளிர்காலத்தில் அங்கே
ஒரு சாரம் கட்டினாள்.
மூங்கில் இல்லை, கயிறு இல்லை;
பால் புளிக்கும் அமிலத்தைக் கோத்துக் கோத்து
நூற்ற வெள்ளைப் பஞ்சு,
பட்டாணி அளவு, உள்ளே ஆயிரம் வாசல்.
செல்கள் குடியேற வேண்டும்.
குடியேறியபின் சுவர்கள்
சொல்லாமல் தொலைய வேண்டும்.

பன்னிரண்டாம் ஆட்டில் அவசரப்பட்டு
ஏழாம் வாரமே கரைந்தது. குழிதான் மிச்சம்.
ஒன்பதில் கரையவே இல்லை;
சதை அதைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்டது.

இதில் தேடுகிறாள், மூலை மூலையாய்.
நீலச் சாயம். எலும்பு. எலும்பு.
ஒரு சின்ன இரத்தக் குழாய்
யாரிடமும் வழி கேட்காமல்
குறுக்கே போகிறது.

படிவத்தில் அதற்கான கட்டத்தில்
'காணவில்லை' என்று எழுதுகிறாள்.
எழுதிவிட்டு மறுபடி பார்க்கிறாள்.

ஏரி உறைந்திருக்கிறது. சறுக்கித்தான் வீடு.
பாதித் தூரத்தில் தொடையில் ஊறுகிறது
அதே அமிலம்.
நிற்கிறாள்.

பண்ணைக்கார ரெய்மா கேட்டிருந்தார்:
"பதினாலு, கடைசி நாள்ல நொண்டினாளா?"
இல்லை என்று சொல்லலாம்.
அதுவரைக்கும் அது உண்மை.