அழுத்து, பிறகு திருகு

மரிபோரில் மழை.
திராவா ஆற்றோரத்து மழலையர் பள்ளியில்
பெட்டியைப் பிரிக்கிறேன்: முப்பது வெள்ளைப் புட்டிகள்.
உள்ளே வெறும் தண்ணீர்.
வெளியே மட்டும்தான் சாக்கடை அடைப்பு நீக்கி.

லேபிளில் குறை சொல்ல முடியாது.
சிவப்பு விளிம்பிட்ட கட்டம் ஒன்று முனையில் நிற்கிறது,
அதற்குள் ஒரு கை,
அதன்மேல் சொட்டும் திரவம், சொட்டிய இடத்தில் பள்ளம்.
கீழே 'நெவார்னோ'. அபாயம்.
அபாயம் என்று எழுதிவிட்டால்
எச்சரிக்கை என்று எழுதக்கூடாது;
பெரிய சொல் சின்னச் சொல்லை விழுங்கிவிட வேண்டும்.
பார்வையற்றவர் விரலுக்கென்று
புடைத்த முக்கோணம் ஒன்று, புட்டியின் முதுகில்.

இருவர் இருவராய் உட்காருகிறார்கள்
நாலு வயதைத் தாண்டியும் தாண்டாமலும்.
ஐந்து நிமிடம்.
தீலென் பல்லால் கடிக்கிறான்.
ஓஷ்பெய் தரையில் வைத்துக் குத்துகிறான்.
மாருஷா மூடியிடம்
"தயவுசெய்து" என்று கேட்டுப் பார்க்கிறாள்.
ஒன்றும் அசையவில்லை.

அடுத்து நான் செய்துகாட்ட வேண்டும்,
ஒரே ஒருமுறை, வாயைத் திறக்காமல்:
அழுத்து,
பிறகு திருகு.
பதினெட்டு வருஷமாய்
ஊமையாய்ச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன்.

மறுபடி ஐந்து நிமிடம்.
ஓஷ்பெய்க்கு இணை நேஷா. அவள் மூடியைத் தொடவே இல்லை.
லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தவள்
"இந்தக் கைக்கு யார் கட்டுப் போட்டார்கள்?" என்கிறாள்.
நான் பதில் சொல்லக்கூடாது.
புடைத்த முக்கோணத்தை எடுத்துக் கன்னத்தில் அழுத்துகிறாள்.
கன்னத்தில் சிவப்பாய் மூன்று முனை.

எட்டாவது நிமிடம்
டக்.
ஓஷ்பெய் திறந்துவிட்டான்.
அறையே கைதட்டுகிறது.
'திறந்தது' என்ற கட்டத்தில் ஒரு கோடு போடுகிறேன்.
இன்னும் இரண்டு கோடு விழுந்தால் மூடி தோற்றது,
க்ரானில் அச்சு வார்க்கும் கம்பெனிக்காரன்
திங்கட்கிழமை போனில் கத்துவான்,
பிள்ளைகளை நீங்கள் பழக்கி வைத்திருக்கிறீர்கள் என்று.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே
நேஷா அவனிடமிருந்து புட்டியை வாங்கிக்கொண்டாள்.
சிந்திய தண்ணீரைத் தன் பாவாடையில் துடைத்தாள்.
மூடியை வைத்து, அழுத்தி,
நான் காட்டியதைத் தலைகீழாய்த்
திருகி,
கவிழ்த்து உலுக்கிப் பார்த்து,
படத்தில் இருக்கும் கையிடம்
ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

பிள்ளைகளின் தாளில் இரண்டே கட்டம்.
திறந்தது. திறக்கவில்லை.
மூடியவளை எங்கே எழுதுவது?
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
அலுவலகம் போனதும், நடைமுறைப்படி, அழித்தேன்.

அழுத்தி எழுதியிருக்கிறேன் போல.
தாளைத் திருப்பினால்
முதுகில் இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது.